"டக்" சத்தம் கேட்டுதா?

(தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பகுதியைச் சேர்ந்த ஒரு மகளிர் சுய உதவிக் குழுவினர் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



போன கூட்டத்தில் தலைவி அக்கா, "உங்க காரு விஷயத்தை எல்லாருக்கும் சொல்லுங்க" என்றபோது எங்களுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. கடன் வாங்கியது, கட்டியது, புளி வித்தது என்று இந்த மேடையில் எத்தனையோ பேசியிருக்கிறோம். காருக்கு சீட்டு மாட்டுவதையும் பேசுவதா என்று யோசித்தோம். அது ஆம்பளைங்க வேலை, ஒர்க்‌ஷாப் வேலை என்று நாங்களும் ரொம்ப நாள் இருந்தோம். அப்படி இருந்ததால் எங்கள் குழுவில் ஒருத்தருக்கு முகவாயில் நாலு தையல். குழுவே உடைகிற நிலைமை வேறு. அதனால் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் செயலாளர் அக்காவின் மகன் ஏழு பேர் உட்காருகிற கார் ஒன்றைப் பழசாக வாங்கினார். மூன்று வரிசை. கடைசி வரிசையில் இரண்டு சீட்டு, தனித்தனியாக இருக்கும். வேண்டாதபோது கழற்றி வெளியே வைத்துவிடலாம், வேண்டும்போது மாட்டிக்கொள்ளலாம். நம்ம ஊரில் நாலு சக்கரம் இருந்தால் அது ஒரு வீட்டு வண்டியாக மட்டும் இருக்காது என்பது உங்களுக்கே தெரியும். பிரசவத்துக்கு அதுதான், பெண் பார்க்கப் போகவும் அதுதான், காய்ச்சலுக்கும் அதுதான். நாங்களும் புளியையும் கேழ்வரகு மாவையும் தர்மபுரிக்குக் கொண்டுபோக அதையே கேட்டோம். பெட்ரோல் எங்களுடையது, வாடகை கிடையாது. சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியைக் கூலிக்கு ஓட்டக்கூடாது என்று அந்தத் தம்பி முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

புளி ஏற்றுகிற நாளில் கடைசி சீட்டு இரண்டையும் கழற்றி, புளி குடோனில் சுவர் ஓரமாக வைத்துவிடுவோம். திரும்பி வந்ததும் மாட்டணும். மாட்டுவது தம்பி. அவர் இல்லாவிட்டால் அவருடைய கூட்டாளி. நாங்கள் டார்ச் பிடிப்போம், அவ்வளவுதான்.

போன வருஷம் மாசி மாதம். எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகளுக்கு சேலத்தில் வளைகாப்பு. விடிந்தால் கிளம்பணும். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குத்தான் புளி இறக்கி முடித்தோம். கரண்டும் இல்லை. செல்போன் வெளிச்சத்தில் அவசர அவசரமாக சீட்டை மாட்டினார் தம்பி. ஒரு சீட்டு நன்றாக உட்கார்ந்தது. இன்னொன்று கொஞ்சம் முரண்டு பிடித்தது. காலால் ஒரு அமுக்கு அமுக்கினார். உட்கார்ந்த மாதிரி இருந்தது. "சரி, சாப்பிடப் போலாம்" என்று வந்துவிட்டோம்.

மறுநாள் அந்த சீட்டில் எங்கள் குழுவிலேயே மூத்தவரான பெரியம்மா உட்கார்ந்தார். பக்கத்து சீட்டில் அவருடைய ஒன்பது வயசுப் பேத்தி. பாப்பாவுக்கு அவங்க பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், ஏறினதும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். பெரியம்மா போடவில்லை. பட்டுச் சேலை கசங்கும் என்று சொன்னார். நாங்களும் சிரித்தோம். தர்மபுரி தாண்டின பிறகு பெரியம்மா, "ஏண்டி, இந்த சீட்டு லொடலொடங்குதே" என்று கேட்டார். "ரோடு அப்படிம்மா" என்று நாங்கள்தான் சொன்னோம். இன்றைக்கும் அந்த வார்த்தை எங்களைக் குத்துகிறது.

தொப்பூர் கணவாய் எப்படிப்பட்ட இடம் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சேலம் பக்கமாக இறங்குகிற அந்தச் சரிவில் எத்தனை லாரி கவிழ்ந்திருக்கிறது, எத்தனை உயிர் போயிருக்கிறது. எங்களுக்கு முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. தம்பி பிரேக் போட்டார். வண்டி எதன் மீதும் மோதவில்லை, கீறல்கூட விழவில்லை. ஆனால் பின்னாலே "தடால்" என்று சத்தம். பெரியம்மா உட்கார்ந்திருந்த சீட்டின் பின்பக்கம் தரையை விட்டுக் கிளம்பி, அவரையும் தூக்கி முன் வரிசை சீட்டின் மேல் கவிழ்த்துவிட்டது. முகவாய் கிழிந்து ரத்தம். ஒரு பல் ஆடிப் போச்சு. பாப்பாவுக்குத் தோளில் பெல்ட் பட்ட தடம் சிவப்பாக இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. வளையல் டப்பா உடைந்து வண்டி பூராவும் கண்ணாடி.

வழியில் இருந்த ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, வளைகாப்புக்குப் போகாமலே ஊர் திரும்பினோம்.

சீட்டுக்கு அடியில் என்ன இருந்தது?

மறுநாள் மெக்கானிக் அண்ணன் வந்து சீட்டை வெளியே எடுத்தார். தரையில், சீட்டின் பின்கால் உட்காருகிற இடத்தில், ஒரு சின்னக் குழி இருக்கிறது. குழிக்குள் ஒரு இரும்புக் கம்பி. சீட்டின் காலில் இருக்கிற கொக்கி அந்தக் கம்பியை முழுசாகக் கவ்வினால்தான் பூட்டு. ஒரு குழிக்குள் புளி ஒட்டிக்கொண்டிருந்தது, புளியோடு சேர்ந்து ஒரு புளியங்கொட்டை. கொக்கி கீழே இறங்க முடியாமல் கம்பியின் நுனியைத் தொட்டுக்கொண்டு மட்டும் நின்றிருக்கிறது. மறுபக்கக் கொக்கியும் அதனாலேயே பாதிதான் கவ்வியிருக்கிறது. நேர் ரோட்டில் ஓடுகிறவரை தாங்கியது. பிரேக் போட்டதும் விட்டுவிட்டது.

நாங்கள் குனிந்து அந்தக் குழியைப் பார்த்தோம். இவ்வளவு நாளாக அதன் மேல்தான் மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தோம்!

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கதை. தம்பி சரியாக மாட்டவில்லை என்று பெரியம்மா வீட்டில் சொன்னார்கள். உங்கள் புளிதான் காரணம், இனிமேல் வண்டி கிடையாது என்று செயலாளர் அக்கா வீட்டில் சொன்னார்கள். வைத்தியச் செலவு மொத்தம் 7,200 ரூபாய். அதைக் குழுப் பணத்தில் கொடுத்தால் பெரியம்மா பேரில் கடன் என்று எழுதுவதா, உதவி என்று எழுதுவதா? இதிலேயே மூன்று கூட்டம் சண்டையில் முடிந்தது. ஒரு வாரம் ஆறு பேர்தான் கூட்டத்துக்கு வந்தார்கள். பதினைந்து வருஷமாக ஒரு வாரம்கூட சேமிப்பு தவறாத குழு எங்களுடையது.

கடைசியில் பெரியம்மாவே ஒரு கேள்வி கேட்டார். "அவன் மாட்டும்போது டார்ச்சு பிடிச்சது யாரு? லொடலொடங்குதுன்னு நான் சொன்னப்ப ரோடுன்னு சொன்னது யாரு?" யாரும் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு பேரும் ஆளுக்கு 600 ரூபாய் போடுவது, கடன் என்று எழுதுவதில்லை என்று தீர்மானம் போட்டோம். இரண்டாவது தீர்மானம், இனிமேல் சீட்டைக் கழற்றுவதும் மாட்டுவதும் குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது. மெக்கானிக் அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். "அக்கா, மாவு மில்லு பெல்ட்டையே நீங்கதான் மாத்துறீங்க. இது அதைவிட சுலபம்" என்றார். உண்மைதான்.

ஒரு சின்னக் கணக்கும் சொன்னார். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதி நின்றால், உள்ளே பூட்டாமல் இருக்கிற பொருள் அதே வேகத்தில் முன்னால் பாயும். அந்த அடி, சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து அந்தப் பொருள் மேலே விழுகிற அடிக்குச் சமம். 10 மீட்டர் என்றால் ஒரு வளர்ந்த தென்னை மரம். பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கிற ஒரு சீட்டு தென்னை உயரத்திலிருந்து கழுத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். எங்களுக்கு வெறும் பிரேக்கோடு போனது எங்கள் அதிர்ஷ்டம்.

மாட்டுகிற முறை

எல்லா வண்டிக்கும் ஒரே முறை கிடையாது. வண்டியோடு ஒரு புத்தகம் கொடுப்பார்கள். சீட்டைப் பற்றிய பக்கத்தைப் படம் பார்த்துப் படித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தால் பத்தாவது படிக்கிற பிள்ளையைக் கூப்பிடுங்கள், பெருமையாக வந்து படிக்கும். கொக்கி வைத்த சீட்டுக்குப் பொதுவாக நாங்கள் செய்வதைச் சொல்கிறோம்.

முதலில் பகல் வெளிச்சம். ராத்திரியில் மாட்டுவதை நிறுத்திவிட்டோம். வண்டியை மேடு பள்ளம் இல்லாத இடத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிடணும். பிறகு தரைக் குழி நாலையும் துடைக்கணும். பழைய டூத் பிரஷ் ஒன்றை இதற்கென்றே வண்டியில் போட்டு வைத்திருக்கிறோம். பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, கடைசியாக விரலை விட்டுத் தடவிப் பார்க்கணும். மிதியடியின் ஓரம், பிளாஸ்டிக் பை, சணல் நூல் எதுவும் குழி மேல் இருக்கக்கூடாது. சீட்டின் கொக்கியையும் அதேபோலப் பார்க்கணும். குடோனில் வைத்த சீட்டு என்றால் எலி பஞ்சைக் கடித்திருக்கும், கொக்கிக்குள் பஞ்சு அடைத்திருக்கும். சீட்டைக் கொக்கி தரையில் படும்படி வைத்தாலும் கொக்கி வளைந்துபோகும். நாங்கள் இப்போது பழைய சேலையில் சுற்றிப் பலகை மேல் வைக்கிறோம்.

தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். கர்ப்பிணிகளும், கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் தூக்கவே வேண்டாம். வண்டிக்குள் குனிந்துகொண்டு கனம் தூக்கினால் இடுப்பு போய்விடும். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே நின்று கை மாற்றிக்கொள்ளுங்கள். கொக்கி பக்கம் விரலை வைக்காதீர்கள், அது நண்டு மாதிரி கவ்வும்.

எங்கள் வண்டியில் சீட்டின் முன்கால் கொக்கி இரண்டையும் முதலில் கம்பியில் மாட்டணும். சீட்டு முன்பக்கமாகச் சாய்ந்திருக்கும்போதே இது நடக்கணும். முன்கால் மாட்டாமல் பின்காலை அமுக்கினால் பார்வைக்கு நேராக இருக்கும், ஆனால் ஒரு பக்கம் தொங்கலில் நிற்கும். முன்கால் உட்கார்ந்த பிறகு பின்பக்கத்தை மெதுவாக இறக்கி, கையால் நன்றாக அழுத்தணும். அப்போது "டக்" என்று சத்தம் வரும். இடது பக்கம் ஒரு டக், வலது பக்கம் ஒரு டக். சில நேரம் இரண்டும் ஒன்றாகக் கேட்கும். கேட்காவிட்டால் காலால் உதைக்கக்கூடாது. எடுத்துவிட்டுத் திரும்பக் குழியைப் பார்க்கணும். முரண்டு பிடிக்கிற சீட்டு ஏதோ சொல்கிறது என்று அர்த்தம். ரேடியோவை அணைத்துவிடுங்கள், பேச்சையும் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். பேச்சை நிறுத்துவதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது!

சத்தம் கேட்டாலும் நம்பிவிடாமல் ஆட்டிப் பார்க்கணும். சீட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுக்கணும். அப்புறம் முன்னும் பின்னும், அப்புறம் பக்கவாட்டில். மாட்டை வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்ப்பதில்லையா, அப்படித்தான். சில வண்டிகளில் பூட்டு விழாவிட்டால் சிவப்பு அடையாளம் வெளியே தெரியும். அது இருக்கிற வண்டி என்றால் அதையும் பாருங்கள்.

அடுத்தது பெல்ட். சீட்டை இறக்கும்போது பெல்ட்டும் அதன் பூட்டும் அடியில் மாட்டிக்கொள்ளும். முன்னாடியே ஓரமாக இழுத்து வைத்துக்கொள்ளணும். மாட்டின பிறகு பெல்ட்டை இழுத்துப் போட்டு, பூட்டி, கழற்றிப் பார்க்கணும். தலை சாய்க்கிற மெத்தையைக் கழற்றியிருந்தால் திரும்ப வைக்கணும். கடைசி வரிசைக்குப் போக நடு வரிசை சீட்டை மடக்கியிருப்போம் இல்லையா, அதுவும் திரும்பப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கணும். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

போல்ட்டு போட்ட சீட்டு

கொக்கி இல்லாமல் நட்டு போல்ட்டில் நிற்கிற சீட்டுகளும் நம்ம ஊர் வண்டிகளில் உண்டு. 1984-ல் மாருதி வேன் என்று வந்து, பிறகு ஆம்னி என்று பெயர் மாறின வண்டி 2019-ல் உற்பத்தி நின்ற பிறகும் நம்ம தெருக்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2010-ல் வந்த ஈக்கோவும் அப்படி நிறைய இருக்கிறது. பின் சீட்டைக் கழற்றிவிட்டுக் காய்கறி, பால் கேன், பந்தல் சாமான் ஏற்றுகிறவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2019-ல் வந்த ரெனால்ட் ட்ரைபர், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் செய்கிற வண்டி. அதில் கடைசி இரண்டு சீட்டையும் தனித்தனியாகக் கழற்றி எடுக்கிற மாதிரி கம்பெனியே செய்திருக்கிறது. எடுத்துவிட்டால் பின்னால் 625 லிட்டர் இடம் என்கிறார்கள். இன்னோவாவில் கடைசி சீட்டைக் கழற்றத் தேவையில்லை, இரண்டு பக்கமும் மடக்கி நிறுத்திவிடலாம். ஆக, உங்கள் வண்டி எந்த ரகம் என்று முதலில் தெரிந்துகொள்ளணும்.

போல்ட்டு ரகம் என்றால், கழற்றும்போதே போல்ட்டையும் வாஷரையும் ஒரு டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். எந்தக் காலுக்கு எது என்று அடையாளம் வைத்துக்கொள்வது நல்லது. மாட்டும்போது எல்லாப் போல்ட்டையும் முதலில் கையாலேயே மூன்று நாலு சுற்று ஏற்றிவிடணும். கையால் ஏறாத போல்ட்டை ஸ்பேனர் போட்டுத் திருகினால் மரை மாறி ஏறி, மரையே போய்விடும். எல்லாம் கையால் ஏறின பிறகுதான் ஸ்பேனர். ஒன்றை முழுசாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கணும், பந்தல் கயிறு இழுக்கிற மாதிரி. கடைசி முடுக்கு எவ்வளவு என்று புத்தகத்தில் அளவு இருக்கும். அதற்கான ரெஞ்ச் ஒர்க்‌ஷாப்பில் இருக்கும். போகிற வழியில் ஐந்து நிமிஷம் நிறுத்தி அதை மட்டும் அவர்களிடம் பார்த்துக்கொள்வது எங்களுக்குச் சரியென்று படுகிறது.

தொலைந்துபோன போல்ட்டுக்கு இரும்புக் கடையில் கிடைத்ததைப் போடாதீர்கள். போல்ட்டின் தலையைப் பாருங்கள், 8.8 அல்லது 10.9 என்று எண் பொறித்திருக்கும். அது பலத்தைச் சொல்கிற எண், பெரிய எண் என்றால் பலம் அதிகம். சைஸ் ஒன்றாக இருந்தாலும் எண் குறைந்த போல்ட்டு இழுப்பில் அறுந்துபோகும். அதே வண்டிக்குரிய போல்ட்டையே கேட்டு வாங்குங்கள். சீட்டுக்கு அடியில் ஒயர் இருந்தால் இழுக்காதீர்கள். மஞ்சள் நிற இணைப்பு என்றால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, மெக்கானிக்கைத் தவிர யாரும் தொடக்கூடாது.

சீட்டைக் கழற்றின நாளில் ஆட்களையும் அதற்குத் தகுந்த மாதிரிதான் ஏற்றணும். சீட்டு இல்லாத இடத்தில் பிளாஸ்டிக் சேர், முக்காலி, பலகை போட்டு உட்கார வைக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. நாங்களும் செய்திருக்கிறோம். சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் பத்துப் பேர் போயிருக்கிறோம், மறைக்கவில்லை. மூட்டை ஏற்றினாலும் கனமானது கீழே, நடு சீட்டின் முதுகை ஒட்டி, கயிறு போட்டுக் கட்டணும். சீட்டின் முதுகு உயரத்துக்கு மேல் அடுக்கினால் பிரேக் போடும்போது மூட்டை நம் தலைக்கு வரும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனி கழற்றுவதற்கென்றே செய்த சீட்டைக் கழற்றி மாட்டுவது வேறு, வண்டியின் அமைப்பையே மாற்றுவது வேறு. எத்தனை பேர் உட்காரலாம் என்று ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கிறது. இரும்பு பெஞ்சு வெல்டிங் வைத்து ஆள் எண்ணிக்கையைக் கூட்டுவதை 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிக்கவில்லை. கம்பெனி செய்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் இதைக் கேட்பார்கள்.

பெல்ட்டு பின் சீட்டுக்கும் உண்டு. போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் விபத்தில் இறந்தபோது பின் சீட்டில்தான் இருந்தார், பெல்ட் போடவில்லை என்று போலீசார் சொன்னார்கள். அவ்வளவு விலை உயர்ந்த வண்டியிலேயே அப்படி. நம்ம சேலை கசங்கினால் பெட்டி போட்டுக்கொள்ளலாம்.

இப்போது எங்கள் தீர்மானப் புத்தகத்தோடு இன்னொரு நோட்டும் இருக்கிறது. சீட்டு நோட்டு என்று பெயர். யாராவது "ஏலச் சீட்டா?" என்று கேட்பார்கள், எங்களுக்கே சிரிப்பு வரும். மாட்டினது யார், ஆட்டிப் பார்த்தது யார் என்று இரண்டு கையெழுத்து அதில் இருக்கணும். இரண்டும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. மாட்டின தம்பியே ஆட்டிப் பார்த்தால் அவசரத்தில் சரியென்றுதான் தோன்றும். சண்டை போட்டுக்கொண்ட இரண்டு வீட்டாரும் இப்போது ஒரே பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். பெரியம்மாதான் அதிகம் ஆட்டிப் பார்க்கிறவர். அவர் ஆட்டுகிற ஆட்டில் வண்டியே குலுங்கும். தம்பி, "பெரியம்மா, சீட்டு பிச்சிக்கப் போவுது" என்பார். "பிச்சிக்கிறதா இருந்தா இங்கியே பிச்சிக்கட்டும்" என்பார் அவர்.

இன்றைக்கும் அந்த வண்டியில்தான் வந்தோம். வெளியே புளிய மரத்தடியில் நிற்கிறது. டீ வந்துவிட்டது, குடித்துவிட்டு வாருங்கள். கழற்றி மாட்டிக் காட்டுகிறோம், நீங்களும் ஆளுக்கு ஒரு முறை மாட்டிப் பாருங்கள். அந்தப் புளியங்கொட்டையை ஒரு குங்குமச் சிமிழில் போட்டு வண்டியிலேயே வைத்திருக்கிறார் பெரியம்மா. அதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.